பொயிலர் நிற்கும் முன்: பிரித்தானியத் தமிழ் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்



ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் குரொய்டனிலும் வீடு வாங்கி, மாதாமாதம் கடனைக் கட்டி, பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் குசினி மூலையிலும் மாடிப்படிக்குக் கீழுள்ள அலுமாரியிலும் பொயிலர் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். பல வருடங்களாக உங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்து வருகிறேன். அந்த உரிமையில்தான் மனதில் கிடப்பதைச் சொல்லத் துணிகிறேன்.

இது ஆனி மாதம். ஹீற்றிங்கை நிற்பாட்டிப் பல வாரங்களாகிவிட்டன. பொயிலர் என்று ஒன்று வீட்டில் இருப்பதையே நீங்கள் மறந்திருப்பீர்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மார்கழியில் எழுதினால் வாசிக்க உங்களுக்கு நேரம் இராது.

டிசம்பர் பிறந்தால் என் தொலைபேசி விடியற்காலை ஐந்தரைக்கே அடிக்கத் தொடங்கிவிடும். "தம்பி, பொயிலர் நிண்டிட்டுது. பிள்ளையள் குளிருக்குள்ள பள்ளிக்கூடம் வெளிக்கிடுதுகள். அம்மா போர்வைக்குள்ள நடுங்கிக்கொண்டு இருக்கிறா. நாளைக்கே புதுசு ஒண்டு போட்டுத்தர ஏலுமே?" அந்தக் குரலைக் கேட்டபின் உங்களிடம் கேள்வி கேட்க எனக்கு மனம் வராது. என்னிடம் கேட்க உங்களுக்கும் பொறுமை இராது. யாருடைய வானில் ஒரு பெட்டி கிடக்கிறதோ, யாருக்கு அடுத்த நாள் வேலை இல்லையோ, அவர் வந்து பூட்டிவிட்டுப் போவார். அடுத்த பத்து, பதினைந்து வருடங்களுக்கு உங்கள் வீட்டின் சூடும், சுடுதண்ணீரும், காஸ் பில்லும் அந்த ஒரு நாளின் அவசரத்தில் முடிவாகிவிடும்.

எனக்கு இது மனத்தாங்கல். கூறைச் சேலை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறீர்கள். தாலிக்கொடி செய்யப் போனால் 22 கரட் முத்திரை இருக்கிறதா என்று கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறீர்கள். வீடு வாங்கும்போது ஆறு மாதம் தேடி, தெருவின் பள்ளிக்கூடம் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை விசாரிக்கிறீர்கள். அதே நீங்கள், அந்த வீட்டுக்குள்ளே இரவும் பகலும் நெருப்பெரிக்கப் போகிற இயந்திரத்துக்கு மட்டும் இரண்டே கேள்விதான் கேட்கிறீர்கள்: "எந்த பிராண்ட்? எவ்வளவு முடியும்?" இந்த இரண்டும் கடைசியில் கேட்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியவை வேறு.

முதல் கேள்வி உங்கள் வீட்டைப் பற்றியது. ஒரு பொயிலருக்கு வேலை இரண்டு: ரேடியேற்றர்களைச் சூடாக்குவது, குழாய்க்குச் சுடுதண்ணீர் தருவது. இரண்டுக்கும் தேவைப்படும் பலம் ஒன்றல்ல. ஒரு சாதாரண மூன்று அறை வரிசை வீட்டை, வெளியே உறைபனி விழும் இரவிலும் சூடாக வைத்திருக்க, பெரும்பாலும் ஆறு முதல் பத்து கிலோவாட் போதும். ஆனால் சுடுதண்ணீரைத் தேக்கி வைக்கும் சிலிண்டர் இல்லாமல், குழாயைத் திறந்தவுடன் தண்ணீரைச் சூடாக்கித் தரும் கொம்பி பொயிலருக்கு 24, 30, 35 கிலோவாட் தேவைப்படுகிறது. பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் அந்த எண் உங்கள் ஷவருக்கு உரியது, உங்கள் வீட்டுச் சூட்டுக்கு உரியதல்ல. இதைப் பிரித்துச் சொல்லாமல், "பெருசாப் போட்டால் பிரச்சினை வராது அண்ணை" என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. என் தொழில்காரர்கள் மீது எனக்குள்ள முதல் முறைப்பாடு இதுதான்.

பெரிதாகப் போட்டால் பிரச்சினை வரும். மிதமான குளிர்நாளில் உங்கள் வீடு கேட்பது மூன்று கிலோவாட்தான் என்று வையுங்கள். சில பொயிலர்கள் அந்த அளவுக்குத் தங்கள் சுவாலையைத் தணித்துக்கொள்ளும். சில, ஏழு எட்டு கிலோவாட்டுக்குக் கீழே இறங்கவே மாட்டா. அப்படி இறங்க முடியாத பொயிலர் பற்றும், மிகைச் சூடாகும், அணையும், சில நிமிடத்தில் மறுபடி பற்றும். நாள் முழுக்க இதே கதை. ஒரு பிடி அரிசியை வேகவைக்க அன்னதான அடுப்பை மூட்டுவது போன்றது அது. காஸும் வீண், இயந்திரத்துக்கும் தேய்மானம். எனவே விலை சொல்ல வருபவரிடம், "இதின்ர ஆகக் குறைஞ்ச அளவு எத்தினை கிலோவாட்?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்குப் பார்த்தாரா என்றும் கேளுங்கள். அறைகளை அளக்காமல், யன்னல்களைப் பார்க்காமல், ரேடியேற்றர்களை எண்ணாமல் வாசலில் நின்றபடியே விலை சொல்பவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி தண்ணீரைப் பற்றியது. அதற்கு விடை காண எந்த வல்லுநரும் தேவையில்லை. ஒரு வாளி போதும். தெருக்குழாயிலிருந்து நேரே வரும் குசினிக் குளிர்தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடம் பிடியுங்கள். எத்தனை லீற்றர் வந்தது என்று எழுதி வையுங்கள். குளிர்காலத் தண்ணீரைக் குளிக்கும் பதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 35 பாகை ஏற்ற வேண்டும். அதைச் செய்து, 24 கிலோவாட் கொம்பி நிமிடத்துக்குப் பத்து லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். 30 கிலோவாட் பன்னிரண்டளவு தரும். 35 கிலோவாட் பதினான்களவு. உங்கள் வாளியில் விழுந்ததே ஒன்பது லீற்றர் என்றால், எத்தனை ஆயிரம் பவுண் கொடுத்தாலும் எந்தக் கொம்பியும் அதைப் பதினைந்தாக்கப் போவதில்லை. பழைய வரிசை வீடுகள் சிலவற்றில் இரண்டு மூன்று வீடுகளுக்கு ஒரே குழாயில்தான் தண்ணீர் பிரிகிறது. பக்கத்து வீட்டில் குளிக்கும்போது உங்கள் ஷவர் மெலிவது அதனால்தான். அதைப் பொயிலரின் குற்றம் என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் வீட்டின் ஒரு விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு ஒருவர் வேலைக்கு, இருவர் பள்ளிக்கு, அம்மாவுக்குக் குளித்துவிட்டுத்தான் சாமி விளக்கு. தீபாவளி விடியலில் எல்லோருக்கும் எண்ணெய் முழுக்கு. கொம்பி ஒரு நேரத்தில் ஒரு ஷவருக்கு நல்ல துணை. இரண்டாவது ஷவரைத் திறந்தால் இரண்டுமே அரைகுறை. நான்குக்கு மேல் ஆட்களும் இரண்டு குளியலறையும் உள்ள வீட்டுக்குச் சிலிண்டரோடு சேர்ந்த பொயிலர்தான் பல நேரம் பொருந்தும். ஆனால் நம்மவர்கள் செய்வது என்ன? "சிலிண்டர் இடத்தைப் பிடிக்குது, கழட்டுங்கோ" என்று சொல்லி, அந்த அலுமாரியைச் சாமியறையாகவோ துணி அடுக்கும் இடமாகவோ ஆக்கிவிடுகிறார்கள். சிலிண்டரில் மின்சாரத்தால் தண்ணீரைச் சூடாக்கும் இமெர்ஷன் இருந்தால், பொயிலர் நின்ற நாளிலும் சுடுதண்ணீர் வரும். கொம்பி நின்றால் சூடும் இல்லை, சுடுதண்ணீரும் இல்லை. ஒருமுறை கழற்றிய சிலிண்டரை மறுபடி வைப்பது மிகச் செலவான வேலை. கழற்றச் சொல்லும் முன் ஒரு வாரம் யோசியுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். ஒருவரோ இருவரோ வாழும் சிறிய ஃபிளாட் என்றால் அந்தக் கவலை வேண்டாம், கொம்பியே போதும்.

மூன்றாவது, பொயிலரின் பெயரில் நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டு அனுபவிக்காமல் இருக்கும் ஒன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பூட்டும் காஸ் பொயிலர், சில விலக்குகள் தவிர, கொண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும். காஸ் எரியும்போது நீராவி பிறக்கிறது. பழைய பொயிலர்கள் அந்த ஆவியோடு வெப்பத்தையும் வெளியே ஊதிவிடும். கொண்டென்சிங் பொயிலர் அந்த ஆவியை உள்ளேயே தண்ணீராக்கி, அதில் இருந்த வெப்பத்தைத் திரும்பப் பறித்துக்கொள்ளும். அடியில் உள்ள சிறிய பிளாஸ்டிக் குழாயில் வடிவது அந்தத் தண்ணீர்தான். ஆனால் இது நடக்க, ரேடியேற்றர்களைச் சுற்றி விட்டுத் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நடப்பது என்ன? பூட்டியவர் பொயிலரை 75, 80 பாகையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். திரும்பும் தண்ணீரும் கொதிப்போடு வருகிறது. 92 சதவீதத் திறன் என்று சொல்லி விற்ற பொயிலர் அந்தத் திறனை ஒருநாளும் எட்டாமலே தன் ஆயுளை முடிக்கிறது.

உங்களிடம் இருப்பது கொம்பி என்றால், பொயிலரின் முகப்பில் ரேடியேற்றர் படம் போட்ட குமிழை 60 பாகைக்குக் குறையுங்கள். அறையின் சூடு குறையாது. சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் கேட்கும் சூடு வரச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். கடுங்குளிரில் வீடு சூடேறவில்லை என்றால் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். வயதான அம்மா அப்பாவை நடுங்கவைத்து மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை. சிலிண்டர் உள்ளவர்கள் இதை நீங்களாகச் செய்யாதீர்கள். சிலிண்டர்த் தண்ணீர் 60 பாகைக்குச் சூடேற வேண்டும். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, சிலிண்டருக்கு ஒரு சூடும் ரேடியேற்றருக்கு வேறொரு சூடும் அனுப்பத் தெரிந்த கட்டுப்பாட்டைப் பூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் இருந்து, புதிய கொம்பி பூட்டினால் நேரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தும் கருவியோடு இன்னும் ஒரு சேமிப்பு ஏற்பாடும் சேர்த்தே பூட்ட வேண்டும் என்பது விதி. அதற்கு நான்கு தெரிவுகள் உண்டு. அவற்றில் ஒன்று, வெளியே உள்ள குளிரை ஒரு சிறு உணரி அளந்து சொல்ல, அதற்கேற்ப பொயிலர் தன் சூட்டைத் தானே கூட்டிக் குறைப்பது. மிதமான நாளில் மிதமாக, கடுங்குளிரில் கூடுதலாக எரியும். எனக்குத் தெரிந்தவரை பணத்துக்குப் பெறுமதியானது அதுதான். ஆனால் நீங்கள் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. தொலைபேசியில் தட்டி வேலைசெய்யவைக்கும் ஒரு கருவியைச் சுவரில் ஒட்டிவிட்டு விதியை நிறைவேற்றிவிடுகிறார்கள். கேளுங்கள். உங்கள் பணம்.

குழாய்களைப் பற்றியும் ஒரு சொல். இருபது வருட ரேடியேற்றர்களின் அடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கும். அதைக் கழுவாமல் புதிய பொயிலரைப் பூட்டுவது, அழுக்குப் பானையில் புதுப்பால் ஊற்றுவதற்குச் சமம். சில மாதங்களிலேயே சேறு புதிய பொயிலரின் நுண்ணிய வழிகளை அடைக்கும். அமைப்பைக் கழுவுவது, காந்த வடிகட்டி பூட்டுவது, துரு தடுக்கும் மருந்து ஊற்றுவது ஆகிய மூன்றும் விலைச்சீட்டில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். உங்கள் கேத்திலின் அடியில் படிவது கொம்பியின் உள்ளேயும் படியும். அதைத் தடுக்கும் வடிகட்டியையும் கேளுங்கள். ஆவித்தண்ணீர் வடியும் அந்தச் சிறு குழாய் இயன்றவரை வீட்டுக்குள்ளேயே ஓடட்டும். 2010 டிசம்பரின் கடுங்குளிரில் வெளியே ஓடிய குழாய்கள் உறைந்து நாடு முழுவதும் பொயிலர்கள் நின்றன. நல்ல பொயிலர்கள்தான் நின்றன. குழாய் போன வழிதான் பிழை.

இதுவரை சொன்னவை பணத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குச் சேவிஸ் செய்யப் போனேன். வீட்டின் பின்னால் புதிதாக ஒரு குசினி இறக்கியிருந்தார்கள். மீன் பொரிக்கவும் மிளகாய் வறுக்கவும் வீட்டுக்குள் மணம் வராமல் இருக்கவும் நம்மவர்கள் ஆசையோடு கட்டும் அதே பின்குசினி. தகரக் கூரை, பிளாஸ்டிக் யன்னல், நல்ல அடைப்பு. பொயிலரின் புகைக்குழாய், நாங்கள் ஃப்ளூ என்று சொல்லும் அந்தக் குழாய், முன்பு தோட்டத்தைப் பார்த்து நின்றது. இப்போது அந்த அடைத்த குசினிக்குள்ளே முடிந்தது. கட்டியவர் அதைத் தொடவில்லை. வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. காபன் மொனொக்சைட் அலாரம் எங்கும் இல்லை. அந்த வீட்டு அம்மம்மாவுக்குச் சில வாரங்களாகத் தலையிடி. பிரஷர் என்று நினைத்துக் குளிசை போட்டுக்கொண்டிருந்தார். "கோயிலுக்குப் போனால் சுகமா இருக்குது தம்பி, வீட்டை வந்தால் திரும்பவும் இடிக்குது" என்றார். எனக்குக் கை நடுங்கியது. பொயிலரை அந்த இடத்திலேயே நிற்பாட்டி, உடனடி ஆபத்து என்ற சீட்டை ஒட்டினேன். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் இன்றைக்கும் சந்தோசமாக ஏற்றுக்கொள்கிறேன். அம்மம்மா உயிரோடு இருக்கிறார்.

காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வரும் உணர்வு, களைப்பு என்று காய்ச்சல் போலவே தொடங்கும். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால், வெளியே போனதும் குறைந்தால், அதைக் காய்ச்சல் என்று நினைக்காதீர்கள். யன்னல்களைத் திறந்து, எரிவதை எல்லாம் நிற்பாட்டி, எல்லோரும் வெளியே வந்து, 0800 111 999 என்ற காஸ் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். இருபது பவுணளவில் ஒரு அலாரம் வாங்கலாம். பிறந்தநாள் கேக்குக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவழிக்கிறோம்.

இந்த இடத்தில்தான் என் பெரிய மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும். "எங்கட பொடியன் ஒருத்தன் இருக்கிறான், பாதி விலைக்குக் காசுக்குச் செய்வான்." எத்தனை வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்டுவிட்டேன்! அந்தப் பொடியன் நல்லவனாக இருக்கலாம். குழாய் ஒட்டுவதில் கெட்டிக்காரனாகவும் இருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் காஸ் வேலையைத் தொழிலாகச் செய்ய, காஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1இல் பழைய கோர்கி பதிவின் இடத்துக்கு வந்தது அது. பதிவுள்ள ஒவ்வொருவரிடமும் படம் போட்ட அட்டை உண்டு. அட்டையின் முன்பக்கத்தைக் காட்டினால் போதாது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் எழுதியிருக்கும். குக்கர் பூட்டத் தகுதி உள்ளவருக்குப் பொயிலர் பூட்டத் தகுதி இருக்க வேண்டும் என்பதில்லை. காலாவதித் திகதியையும் பாருங்கள். அட்டையிலுள்ள இலக்கத்தைப் பதிவேட்டில் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

அட்டை கேட்பது அவமரியாதை என்று நினைக்காதீர்கள். நமது ஊர்ப்பழக்கத்தில், தெரிந்தவரிடம் தாள் கேட்பது கூச்சம். ஒரே கோயிலுக்குப் போகிறோம், அவருடைய மகளும் என் மகளும் ஒரே நடன வகுப்பு, எப்படிக் கேட்பது என்று தயங்குகிறீர்கள். என்னிடமும் கேளுங்கள். நான் கோபிக்க மாட்டேன். உண்மையாகப் பதிவுள்ள எவரும் கோபிக்க மாட்டார். கோபிக்கிறார் என்றால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

வேலை முடிந்தபின் தாள்களை வாங்காமல் விடாதீர்கள். புதிய பொயிலர் பூட்டியதை உங்கள் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். காஸ் சேஃப் பதிவு உள்ளவர் அந்த அறிவித்தலை அதன் ஊடாகவே செய்துவிடுவார், உங்களுக்குக் கட்டட விதிச் சான்றிதழ் தபாலில் வரும். நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சட்டத்தரணி கேட்பது அந்தத் தாளைத்தான். பொயிலரோடு வரும் புத்தகத்தில், முதல்நாள் அளவுகளை எழுதும் பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது. பத்து வருட உத்தரவாதம் என்று சொல்லி வாங்குகிறீர்கள். ஒவ்வொரு வருடமும் சேவிஸ் செய்து பதிந்தால்தான் அந்த உத்தரவாதம் நிற்கும். இரண்டாம் வருடமே விட்டுவிட்டு, ஆறாம் வருடம் பழுதானபின் தொலைபேசியில் சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஒருவர் உங்கள் வீட்டுக்கே வந்து ஒப்பந்தம் எழுதினால், பொதுவாக 14 நாளுக்குள் அதைக் கைவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. வேலையை உடனே தொடங்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்தால், செய்த வேலைக்குக் கட்ட வேண்டிவரும். "இண்டைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துபவரிடம் இதை நினைவில் வையுங்கள்.

உங்களில் பலர் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். அந்த வீடுகளின் அறைகளில் இருப்பவர்கள் யார்? ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள், பராமரிப்பு வேலைக்கு வந்த தங்கைகள், விசாவுக்குக் காத்திருக்கும் தம்பிகள். அவர்கள் வாய் திறந்து முறைப்பாடு சொல்ல மாட்டார்கள், இடம் போய்விடும் என்ற பயம். வாடகை வீட்டின் காஸ் கருவிகளை வருடத்துக்கு ஒருமுறை பதிவுள்ளவரைக் கொண்டு பார்ப்பிப்பதும், பார்த்த 28 நாளுக்குள் அந்தத் தாளைக் குடியிருப்பவருக்குக் கொடுப்பதும் சட்டம். இங்கிலாந்தில் 2022 ஒக்டோபர் 1 முதல், பொயிலர் இருக்கும் வசிப்பறையில் காபன் மொனொக்சைட் அலாரம் வைப்பதும் வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. உங்கள் வீட்டில் வாழும் அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஊரில் ஒரு தாய் நேர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். வாடகைக்கு இருப்பவர்களே, நீங்களும் பயப்படாமல் அந்தத் தாளைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் அல்ல. காஸ் பொயிலர்தான் என் வீட்டுச் சோறு. ஆனாலும் சொல்கிறேன்: வெப்பப் பம்பைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாராமல் பொயிலருக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்புக்கு அரசின் உதவித்தொகை 2023 ஒக்டோபரில் 5,000 பவுணிலிருந்து 7,500 பவுணாக உயர்ந்தது. அதைப் பெற, எம்சிஎஸ் என்ற தரச் சான்று பெற்றவர் பூட்ட வேண்டும். நன்றாகப் பூட்டினால் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்களவு வெப்பம் தரும். ஆனால் மின்சாரத்தின் அலகு விலை காஸைப்போல நான்கு மடங்களவு. எனவே பில் குறையும் என்று யாரும் கண்ணை மூடிச் சத்தியம் செய்ய முடியாது. அது வீட்டையும் பூட்டியவரின் கணக்கையும் பொறுத்தது. வெளியே வைக்க இடமும், சிலிண்டருக்கு இடமும், சிலவேளை பெரிய ரேடியேற்றர்களும் வேண்டும். லீஸ்ஹோல்ட் ஃபிளாட் என்றால் அனுமதி வேண்டும். எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரம் கோடையில் மட்டும்தான் கிடைக்கும். குளிரில் நின்றுபோன பொயிலருக்கு முன்னால் நின்று யாரும் அதை யோசிக்கப் போவதில்லை.

ஆகவே உறவுகளே, இந்த மடலின் வேண்டுகோள் இதுதான். உங்கள் பொயிலருக்குப் பத்து வயது தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் ஆவணிக்குள் மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மூவரின் அட்டையையும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வாளியில் பிடித்த தண்ணீர்க் கணக்கை அவர்கள் முன் வையுங்கள். வெப்ப இழப்பு, ஆகக் குறைந்த கிலோவாட், குழாய் கழுவுதல், சூட்டுக் கட்டுப்பாடு ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். மூன்று தாளையும் குடும்பமாக மேசையில் வைத்துப் பேசுங்கள். அம்மாவையும் பக்கத்தில் இருத்துங்கள். வீட்டில் ஆகக் கூடுதலான நேரம் இருப்பவர் அவர்தான், குளிரும் அவருக்குத்தான் கூட. அதன்பிறகு பிராண்டையும் விலையையும் பேசுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சரியானவரிடம் போங்கள்.

பொயிலர் புதிதோ பழையதோ, சேவிஸ் திகதி ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் இந்த மாதமே பதிந்துவிடுங்கள். அலாரம் இல்லையென்றால் நாளைக்கே வாங்குங்கள்.

இவற்றுக்கெல்லாம் முதலாக, இன்றைக்குப் பொழுதுபடுவதற்கு முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். வீட்டுக்கு வெளியே போய், உங்கள் பொயிலரின் ஃப்ளூ எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது திறந்த வெளியில் முடியாமல் ஒரு கூரைக்குக் கீழே, ஒரு சுவருக்கு உள்ளே முடிந்தால், பொயிலரை நிற்பாட்டிவிட்டுப் பதிவுள்ள ஒருவரை அழையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீடுகளுக்கு வந்து போகும் ஒரு ஹீற்றிங் தொழிலாளி